சிறைக்கும் மேயர் பதவிக்கும் நடுவே இருபது வருஷம்: தைவானின் சென் ஜூ

கேள்வி இது: "தைவானில் ராணுவ நீதிமன்றம் 12 வருஷத் தண்டனை கொடுத்த சென் ஜூ, பிற்பாடு தெற்குத் தைவானின் துறைமுக நகரமான காவோசியுங்கின் மேயராகப் பல வருஷம் இருந்தார் என்று படித்தேன். சிறைக்குப் போனவர் என்ற அனுதாபத்தில் ஜெயித்தவரா, நிர்வாகம் தெரிந்தவரா? அப்படியானால் 2018இல் அவர் கட்சி அதே ஊரில் ஏன் தோற்றது?"

அனுதாபம் என்ற காரணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1986 பிப்ரவரியில். மேயர் தேர்தலில் ஜெயித்தது 2006 டிசம்பரில். இருபது வருஷத்துக்கு மேல் எந்த அனுதாபமும் தாங்காது. போதாததற்கு அந்தத் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 3,79,417 ஓட்டு, எதிராளிக்கு 3,78,303. வித்தியாசம் 1,114. அனுதாப அலை அடித்த இடத்தில் இப்படி ஒரு கணக்கு வராது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1979 போராட்டத்தைச் சொல்லிவிட்டு ஒரே தாவலில் 2006க்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் அந்த இருபது வருஷத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அது புரியும்.

சென் ஜூ 1950 ஜூனில் தைவானின் வடகிழக்கே இலான் மாவட்டத்தில் சான்ஷிங் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இன்றைக்கும் தைவான் சந்தையில் சான்ஷிங் வெங்காயத்தாளுக்குத் தனி மவுசு. 19 வயதில் இலான்காரரான குவோ யூ-ஷின் என்ற மாகாண சபை உறுப்பினரிடம் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். அப்போது தைவானில் 1949இல் போட்ட ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. ஆட்சியில் இருந்த குவோமின்டாங் கட்சிக்கு உருப்படியான எதிர்க்கட்சி கிடையாது. புதுக் கட்சி தொடங்கவும் முடியாது. கட்சி சாராமல் நின்று ஜெயித்த குவோ மாதிரி ஒருசிலர்தான் சபையில் கேள்வி கேட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் செயலாளர் என்றால் வெறும் தட்டச்சு வேலை இல்லை. யார் வீட்டில் யாரை இரவோடு இரவாகக் கூட்டிப்போனார்கள், எந்தத் தீவில் அடைத்திருக்கிறார்கள், எத்தனை வருஷம், வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். சென் ஜூ அரசியல் கற்றுக்கொண்டது அந்த மேஜையில்.

1975இல் குவோ சட்டமன்றத் தேர்தலுக்கு நின்று தோற்றார். செல்லாத ஓட்டு என்று ஒதுக்கப்பட்டவை பல்லாயிரக்கணக்கில். வழக்குப் போட்டும் பலனில்லை. 1977இல் அவர் அமெரிக்கா போய்விட்டார். சென் ஜூ போகவில்லை. அரசியல் கைதிகளைப் பற்றிய தகவலை வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1978 ஜூனில் போலீஸ் தேடியபோது ஒரு கத்தோலிக்க தேவாலயத்தில் ஒளிந்திருந்து பிடிபட்டார். வெளிநாட்டிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியதால் இரண்டு வாரம் போல வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அப்போதாவது ஒதுங்கியிருக்கலாம். அடுத்த வருஷமே 'மெய்லிதாவ்' பத்திரிகையின் காவோசியுங் அலுவலகத்தில் அவர் இருந்தார்.

'மெய்லிதாவ்' என்றால் அழகிய தீவு என்று பொருள். போர்ச்சுக்கீசியர் தைவானுக்கு வைத்த 'பார்மோசா' என்ற பெயரின் சீன வடிவம். 1979 ஆகஸ்டில் தொடங்கி நாலு இதழ்தான் வந்தது. பெயருக்குப் பத்திரிகை, ஆனால் ஊருக்கு ஊர் அலுவலகம் திறந்து கூட்டம் போட்டது. கட்சி தொடங்கத் தடை இருந்த நாட்டில் பெயரில்லாத கட்சியாகவே அது நடந்தது.

1979 டிசம்பர் 10, மனித உரிமை நாள். காவோசியுங்கில் கூட்டம் நடத்த அனுமதி மறுத்திருந்தார்கள். முந்தின நாள் பிரசார வண்டியில் போன இரண்டு தொண்டர்களைப் போலீஸ் பிடித்து அடித்திருந்தது. அந்தக் கோபமும் சேர, சாயங்காலம் தீப்பந்தங்களோடு கூட்டம் கிளம்பியது. போக நினைத்த இடத்தை அடைத்துவிட்டதால் ஊர் நடுவே இருந்த பெரிய ரவுண்டானாவில் கூடினார்கள். கலவரத் தடுப்புப் படை நாலாபுறமும் சூழ்ந்தது. கண்ணீர்ப்புகை, தடியடி, கைகலப்பு என்று இரவு வெகுநேரம் வரை நடந்தது. மூன்று நாள் கழித்து விடிகாலையில் கைதுகள் தொடங்கின. அந்த ரவுண்டானாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருவேன்.

எட்டுப் பேரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கிளர்ச்சிக் குற்றச்சாட்டு, மரண தண்டனை வரைக்கும் போகக்கூடியது. 30 வயது ஆகாத சென் ஜூ காவலில் இருந்தபடியே உயில் எழுதி வைத்தார். கைதான லின் யி-ஷியுங் என்பவரின் வீட்டில் 1980 பிப்ரவரி 28 அன்று, பட்டப்பகலில் யாரோ புகுந்து அவருடைய அம்மாவையும் இரட்டைப் பெண் குழந்தைகளையும் கொன்றார்கள். மூத்த மகள் மட்டும் காயத்தோடு பிழைத்தாள். அந்தக் கொலைகள் இன்றுவரை துலங்கவில்லை. லின்னும் இலான்காரர்தான். குவோவின் தேர்தல் வழக்கை நடத்திய வழக்கறிஞர்களில் ஒருவர். சென் ஜூவுக்கு அது சொந்த வட்டத்தில் விழுந்த இடி.

மார்ச் மாதம் விசாரணை. வெளிநாட்டார் பார்க்கிறார்கள் என்பதால் திறந்த நீதிமன்றத்தில் நடத்தினார்கள். பத்திரிகைகள் கேள்வி பதிலாகவே அச்சிட்டன. தைவான் மக்கள் பலர் ஆட்சியை எதிர்த்துப் பேசும் குரலை முழுசாகப் படித்தது அப்போதுதான் முதல் தடவை. ஷிஹ் மிங்-தேவுக்கு ஆயுள், ஹுவாங் ஷின்-சியேவுக்கு 14 வருஷம், சென் ஜூ உட்பட மற்ற ஆறு பேருக்கும் தலா 12 வருஷம். அந்த ஆறில் இன்னொரு பெண் அனெட் லூ. இருபது வருஷம் கழித்து அவர் துணை அதிபரானார். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர்களில் சென் ஷுய்-பியான், பிராங்க் ஷியே, சூ செங்-சாங் மூவரும் இருந்தார்கள். முதலாமவர் பின்னாளில் அதிபர், மற்ற இருவரும் பிரதமர்கள். தைவானின் அடுத்த தலைமுறை அரசியல் முழுக்க அந்த ஒரு நீதிமன்ற அறையில் உட்கார்ந்திருந்தது என்றே சொல்லலாம். தைப்பேயை ஒட்டி ஜிங்மெய்யில் இருக்கும் அந்த அறையை இப்போது மனித உரிமை அருங்காட்சியகத்தின் பகுதியாகப் பாதுகாக்கிறார்கள்.

இனி நான் சொன்ன இருபது வருஷம்.

ஆறு வருஷம் போல இருந்துவிட்டு வெளியே வந்தவர் தைவான் மனித உரிமைச் சங்கத்தில் சேர்ந்து, பிறகு அதற்குத் தலைமையும் ஏற்றார். அதே 1986 செப்டம்பரில் ஜனநாயக முற்போக்குக் கட்சி பிறந்தது. அடுத்த வருஷம் ஜூலை 15இல் ராணுவச் சட்டம் நீக்கப்பட்டது. சென் ஜூ தேசியப் பேரவை உறுப்பினராகவும் இருந்தார். ஆனால் அவரை உருவாக்கியது அதற்கடுத்த வேலை என்பது என் கணிப்பு. 1994இல் சென் ஷுய்-பியான் தைப்பே மேயரானதும் சென் ஜூவைச் சமூக நலத்துறைக்கு இயக்குநராக்கினார். 1998இல் பிராங்க் ஷியே காவோசியுங் மேயரானதும் அங்கேயும் அதே துறை. முதியோர், ஊனமுற்றோர், ஆதரவற்ற குழந்தைகள், அடிபட்டு வீட்டை விட்டு ஓடிவந்த பெண்கள் என்று வருகிற துறை அது. பெரிய ஒப்பந்தம் கிடையாது, திறப்பு விழா கிடையாது. அரசியல்வாதிகள் விரும்பிக் கேட்கும் துறை எந்த ஊரிலும் இது இல்லை. போராட்டக்காரர் என்ற பெயரோடு வந்தவர் ஐந்து வருஷத்துக்கு மேல் மனுக்களையும் பட்ஜெட்டையும் விதிமுறைகளையும் கையாண்டு பழகியது அங்கேதான்.

2000இல் சென் ஷுய்-பியான் அதிபரானார். சென் ஜூ தொழிலாளர் விவகாரக் குழுவின் தலைவர், அதாவது தொழிலாளர் அமைச்சர். அந்த ஐந்து வருஷத்தில் நடந்ததில் ஓய்வூதியச் சீர்திருத்தத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய சட்டப்படி, ஓய்வுப் பணம் கிடைக்க ஒரே முதலாளியிடம் 15 வருஷம் வேலை பார்த்து 55 வயதாக வேண்டும், இல்லாவிட்டால் 25 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். தைவானோ சின்னச் சின்னப் பட்டறைகளின் நாடு. ஒரு கம்பெனி 15 வருஷம் தாக்குப்பிடிப்பதே அபூர்வம். கம்பெனி மூடினால், தொழிலாளி இடம் மாறினால், சேர்ந்த வருஷமெல்லாம் காற்றில் போய்விடும். சட்டத்தில் உரிமை இருந்தது, கைக்குப் பணம் வரவில்லை. 2004இல் நிறைவேறி 2005 ஜூலை 1 முதல் அமலான புதிய சட்டம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிக் கணக்குத் திறந்தது. மாதாமாதம் சம்பளத்தில் குறைந்தது 6 சதவீதத்துக்குச் சமமான தொகையை முதலாளி அதில் கட்ட வேண்டும். வேலை மாறினால் கணக்கும் கூடவே போகும். முதலாளிகள் தரப்பில் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. இன்று தைவானில் வேலை பார்க்கும் யாரும் அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தது யார் என்று யோசிப்பதில்லை. நல்ல நிர்வாகத்தின் பலன் பெரும்பாலும் இப்படித்தான் பெயரில்லாமல் போய்ச் சேர்கிறது. வேலையில் ஆண் பெண் சமத்துவச் சட்டம் 2002இல் வந்ததும் அவர் காலத்தில்தான்.

அதே பதவியில்தான் அவருடைய பெரிய சறுக்கலும் நடந்தது. 2005 ஆகஸ்ட் 21 இரவு, காவோசியுங் மெட்ரோ கட்டுமானத்துக்காகக் கொண்டுவரப்பட்ட தாய்லாந்துத் தொழிலாளர்கள் தங்கள் விடுதியில் தீவைத்துக் கலவரம் செய்தார்கள். காரணம் வெளியே வந்தபோது நாடே தலைகுனிந்தது. இடநெருக்கடி, கைப்பேசிக்குத் தடை, மிகைநேர ஊதியத்தில் பிடித்தம், கைச்செலவுக்குப் பணத்துக்குப் பதில் முகாமுக்குள் மட்டும் செல்லும் கூப்பன். மனித உரிமைக்காகச் சிறைக்குப் போன பெண் அமைச்சராக இருக்கும்போது, அவர் துறையின் கீழ் வரும் ஆட்களையே கைதிகள் மாதிரி அடைத்து வைத்திருக்கிறார்கள். சென் ஜூ ராஜினாமா செய்தார். பொறுப்பேற்று விலகியதைப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அது பாராட்டுக்குரிய விஷயமாகப் படவில்லை. விலகியது சரி, ஆனால் ஐந்து வருஷம் அமைச்சராக இருந்தவருக்கு அந்த விடுதிகளின் நிலை தெரியாமல் போனது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அவரை மதிக்கிறவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த வருஷமே காவோசியுங் மேயர் தேர்தல். தேர்தலுக்கு முந்தின இரவு, எதிராளி ஹுவாங் ஜுன்-யிங் தரப்பு ஆட்களுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லி ஒரு வீடியோவை சென் ஜூ அணி வெளியிட்டது. மறுநாள் அந்த 1,114 ஓட்டு. குவோமின்டாங் நீதிமன்றம் போனது. 2007 ஜூனில் கீழ்க்கோர்ட் தேர்தலையே செல்லாது என்றது. நவம்பரில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி அவர் மேயராகத் தொடர்ந்தார். சட்டப்படி ஜெயித்தார், ஆனால் கடைசி இரவு வீடியோ நல்ல முன்மாதிரி இல்லை. எது எப்படியோ, தைவானில் மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் வரும் பெரிய மாநகரம் ஒன்றுக்கு மக்கள் ஓட்டில் தேர்வான முதல் பெண் மேயர் அவர்தான்.

இப்போது அந்த ரவுண்டானா. 1979இல் கூட்டம் நின்ற அதே இடத்துக்கு அடியில் 2008இல் மெட்ரோ நிலையம் திறந்தது. இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் நிலையம். அதன் பெயர் 'மெய்லிதாவ்'. பத்திரிகையின் பெயரேதான். உள்ளே அண்ணாந்து பார்த்தால் 30 மீட்டர் அகலத்துக்கு ஒரே கண்ணாடிக் கூரை. இத்தாலியக் கலைஞர் நார்சிசஸ் குவாலியாட்டாவின் கைவண்ணம், சுமார் 4,500 வண்ணக் கண்ணாடிகள். நீலமும் சிவப்பும் மஞ்சளும் சுழன்று நடுவில் இரண்டு பெரிய தூண்களுக்கு இறங்கிவரும். கீழே கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்களில் பலருக்கு மேலே தெருவில் என்ன நடந்தது என்று தெரியாது. அந்த இரவில் கைகலப்பு நடந்த இடத்தின் அடியில், அதற்காகச் சிறைக்குப் போனவர் மேயராக இருந்தபோது ரயில் ஓடத் தொடங்கியது. அந்த மெட்ரோவைக் கட்டிய கைகளில் அந்தத் தாய்லாந்துத் தொழிலாளர்களின் கைகளும் உண்டு. இரண்டையும் சேர்த்து நினைக்காமல் அந்தக் கூரையைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

மேயராக அவருக்கு மிகக் கடினமான வருஷம் 2009. ஜூலையில் உலக விளையாட்டுப் போட்டி காவோசியுங்கில். சீனா ஒத்துழைக்காவிட்டால் போட்டி களையிழந்துவிடும். அவர் கட்சியோ சீனாவை விட்டு விலகி நிற்கும் கட்சி. மே மாதம் அவரே பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் போனார். அங்கே பேசும்போது மா யிங்-ஜியோவை அதிபர் என்றே குறிப்பிட்டார். பெய்ஜிங்கில் உட்கார்ந்து தைவானுக்கு ஓர் அதிபர் இருக்கிறார் என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. அதுவும் மா எதிரணியான குவோமின்டாங்காரர். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ வடிவமைத்த, கூரையெங்கும் சூரியத் தகடு பதித்த அரங்கில் போட்டி நன்றாகவே நடந்தது. சீன அணி தொடக்க விழாவுக்கு மட்டும் வரவில்லை. அடுத்த மாதம் மொராகோட் புயல் தெற்குத் தைவானைச் சூறையாடியது. இறந்தவர்களுக்காகப் பிரார்த்திக்க தலாய் லாமாவை அழைத்த தெற்கத்தித் தலைவர்களில் சென் ஜூவும் ஒருவர். சீனாவின் உய்குர் சிறுபான்மையினருக்காகக் குரல் கொடுக்கும் தலைவி ரெபியா காதீரைப் பற்றிய ஆவணப்படத்தையும் காவோசியுங்கில் திரையிட்டார்கள். சீனச் சுற்றுலாக் குழுக்கள் அந்த ஊரைத் தவிர்த்தன. விடுதிக்காரர்களுக்கு நஷ்டம்தான். ஆனாலும் படம் ஓடியது. மே மாதம் கை குலுக்கியதும் செப்டம்பரில் பணியாமல் நின்றதும் ஒரே ஆள்தான். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது என்று அந்த வருஷத்தை வைத்துச் சொல்வேன்.

2010இல் நகரமும் மாவட்டமும் ஒன்றாக இணைந்தன. மீன்பிடித் துறைமுகம், உருக்காலை, வயல், மலைக்கிராமம் எல்லாம் ஒரே மேயருக்குக் கீழே. அந்தத் தேர்தலில் சொந்தக் கட்சியிலிருந்து விலகி நின்ற மாவட்டத் தலைவரையும் குவோமின்டாங் வேட்பாளரையும் எதிர்த்து ஏறக்குறைய 53 சதவீதம் வாங்கினார். அதற்குச் சில வாரம் முன்னால் பனாபி புயலில் ஊர் வெள்ளத்தில் மிதந்தபோது பிற்பகலில் வீட்டுக்குப் போய்த் தூங்கினார் என்ற விவகாரம் வெடித்து, மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. 2012இல் கட்சித் தலைவர் சாய் இங்-வென் அதிபர் தேர்தலில் தோற்று விலகியதும் சில மாதம் கட்சியின் தற்காலிகத் தலைவராகவும் இருந்தார்.

2014 ஜூலை 31 இரவைப் பற்றிச் சொல்லாமல் அவர் ஆட்சியை எடைபோட முடியாது. காவோசியுங்கின் சியான்ஜென், லிங்யா பகுதிகளில் எட்டே முக்கால் மணிவாக்கில் எரிவாயு நாற்றம் என்று மக்கள் தகவல் சொன்னார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். எந்தக் குழாய், யாருடையது, என்ன வாயு என்று தேடிக்கொண்டே மூன்று மணி நேரம் போனது. நள்ளிரவை ஒட்டித் தெரு வெடித்தது. சாலைகள் கிலோமீட்டர் கணக்கில் பிளந்தன. நாற்றத்தைத் தேடி வந்த தீயணைப்பு வீரர்களும் இறந்தார்கள். மொத்தம் 32 உயிர், 300க்கு மேல் காயம். பல வருஷத்துக்கு முன்பு மழைநீர்க் கால்வாய்க்குள்ளே போன நிலையில் விட்டிருந்த எளிதில் தீப்பற்றும் புரோப்பிலீன் வாயுக் குழாய் அரித்துப்போயிருந்தது. ஊருக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற முழு விவரம் நகராட்சி கையில் இல்லை. துணை மேயர் உட்படப் பொறுப்பாளர்கள் பதவி விலகினார்கள். நாலே மாதத்தில் வந்த தேர்தலில் சென் ஜூ 9,93,300 ஓட்டு, 68 சதவீதம் வாங்கினார். தப்பு நடந்தது ஊருக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்த சீரமைப்பையும் ஊர் பார்த்திருந்தது. ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்றில் வரும் பருத்த, சளசளவென்று பேசும் அம்மாவின் பெயரான 'ஹுவா மா'வையே ஊர் அவருக்குச் செல்லப்பெயராக வைத்திருந்தது. அந்த நெருக்கமும் ஓட்டாக மாறியது.

பிறகு ஏன் 2018இல் தோல்வி? முதலில், தோற்றது அவர் இல்லை. அந்த ஏப்ரலில் அவர் அதிபர் அலுவலகத்தின் பொதுச்செயலாளராகத் தைப்பே போய்விட்டார். நவம்பரில் குவோமின்டாங்கின் ஹான் குவோ-யு ஏறக்குறைய 54 சதவீதத்தில் ஜெயித்தார். 'காவோசியுங் வயசாகிவிட்டது, ஏழையாகிவிட்டது' என்பதுதான் அவர் பிரசாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிராங்க் ஷியே காலத்திலிருந்து இருபது வருஷமாக ஒரே கட்சி. நதி சுத்தமானது, மெட்ரோ வந்தது, டிராம் வந்தது, கால் நூற்றாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2015 முடிவில் பழைய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் மூடப்பட்டது. ஆனால் நகராட்சிக் கடன் ஏறிக்கொண்டே போனது. படித்த பிள்ளைகள் வேலைக்காகத் தைப்பே பக்கம் ரயிலேறினார்கள். ஊர் அழகானதும் பிள்ளைகள் ஊரை விட்டுப் போனதும் ஒரே காலத்தில் நடந்தது. சென் ஜூவின் ஆட்சியில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். அதே சமயம், அந்த வருஷம் அவர் கட்சி நாடு முழுக்க அடிவாங்கியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹானையும் அதே ஊர் 2020 ஜூனில் 9,39,090 ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கியது. இது ஹானின் 2018 வெற்றி ஓட்டை விட அதிகம்.

அந்த 2020இல்தான் சென் ஜூவுக்குக் கடைசிப் பெரிய பதவி வந்தது. தைவானில் சட்டம், நிர்வாகம், நீதி ஆகிய மூன்றோடு தேர்வுக்கும் கண்காணிப்புக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்-சென் வகுத்த ஏற்பாடு. கண்காணிப்பு அமைப்பின் வேலை அதிகாரிகளை விசாரித்துக் குற்றம் சாட்டுவது. அதன் தலைவராக அவரை நியமித்ததும் குவோமின்டாங் உறுப்பினர்கள் சட்டமன்ற அவையை ஆக்கிரமித்தார்கள், அடிதடியும் நடந்தது. கட்சிக்காரர் ஒருவர் நடுநிலை அமைப்புக்கு எப்படித் தலைவராகலாம் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அவர் கட்சியே அந்த அமைப்பைக் கலைக்க வேண்டும் என்று சொல்லிவந்த கட்சி. ஆனால் 2020 ஆகஸ்ட் 1 அன்று அந்த அமைப்புக்குள் தேசிய மனித உரிமை ஆணையமும் முதல் தடவையாகத் தொடங்கியது. அதற்கும் அவரே முதல் தலைவர். யாரை எங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று 19 வயதில் காகிதத்தில் எழுதத் தொடங்கியவருக்கு 70 வயதில் அதே வேலை அரசாங்க முத்திரையோடு வந்தது.

2024 டிசம்பரில் உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்தார். பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்.